காயாத பாலிஷில் விழுந்த அச்சு

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் செர்வா. குமாசி நகரத்தில் வீடு வீடாகப் போய் மரச்சாமான்களைத் துடைத்துப் பாலிஷ் போடுவது என் பிழைப்பு. கடையில் விற்கும் புட்டியைத் தொடமாட்டேன். எலுமிச்சைச் சாறும் மணலும் போட்டு அழுக்கெடுப்பேன். பிறகு ஷியாக் கொட்டையில் எடுத்த வெண்ணெயையும் தேன்மெழுகையும் உருக்கி நானே கிண்டிய பாலிஷ். என் கைப்பக்குவத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் என் குடியைக் கெடுத்தது.

அன்று என் கணவர் ஆன்ட்வி வீட்டில் படுத்திருந்தார். இரண்டு வாரக் காய்ச்சல். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். காலையில் அரைக் கிண்ணம் சோளக்கஞ்சி குடித்தார்.

"போய்ட்டு வாடி. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று கிண்டல் வேறு.

கிண்டல் திரும்பிவிட்டது, இனி பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு உயிர் வந்தது. துணைக்கு என் நாத்தனார் நியார்க்கோவை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அன்றைய வேலை பன்டாமா பக்கம், மான்சா அம்மாவின் வீட்டில். ரிட்டயரான டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். கல்யாணத்தின்போது அவர் புருஷன் கொடுத்த ஸ்டூலைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே மரத்தில் குடைந்தது, நடுவில் குழிந்த இருக்கை.

"வேலை முடிஞ்சதும் சாய்ச்சு வெச்சுடு. மறந்து தொலைக்காதே."

"எனக்குத் தெரியாதாம்மா? நானும் இந்த ஊர்க்காரிதான்."

எங்கள் பக்கம் ஆள் எழுந்ததும் ஸ்டூலைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுவோம். ஆளில்லாமல் நிமிர்ந்து கிடக்கும் ஸ்டூல், வா என்று கூப்பிடுகிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாமல் போகிறது வருகிறது எதுவும் உட்கார்ந்துவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

1:35க்கு பாலிஷ் போட்டு முடித்தேன். பாலைவனத்துப் புழுதியை அள்ளிவரும் ஹார்மட்டான் காற்றடிக்கும் மாதம், தரையெல்லாம் புழுதி. ஈரத்தோடு சாய்த்தால் விளிம்பில் அப்பிக்கொள்ளும், என் வேலை பாழ். அரை மணி நேரம்தானே, காயட்டும் என்று நிமிர்த்தியே வைத்தேன்.

மறந்து அல்ல. தெரிந்தே செய்தேன்.

1:50. இருக்கையின் நடுவில் பளபளப்பு மங்கியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு வட்டம். யாரோ உட்கார்ந்த அச்சு. மான்சா அம்மாதான் உட்கார்ந்துவிட்டாரோ? இல்லை, சமையலறையில் அவர் வேர்க்கடலைச் சூப் கிண்டும் சத்தம் நிற்கவே இல்லை. அச்சைத் துடைத்துவிட்டு மறுபடி பூசினேன்.

2:05. மறுபடி அதே இரண்டு வட்டம்... இந்தத் தடவை இன்னும் ஆழமாக.

க்ரீச்...

பாரம் ஏறும்போது மரம் போடுகிற சத்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓடிப்போய் ஸ்டூலைச் சாய்க்கப் பார்த்தேன். அசையவில்லை. காலையில் ஒற்றைக் கையால் தூக்கி வந்த ஸ்டூல். இரண்டு கையாலும் இழுத்தேன். ம்ஹூம்.

மான்சா அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"அடிப்பாவி! நிமிர்த்தியா வெச்சே?"

"பாலிஷ் காயட்டும்னு..."

"கையை எடு! உட்கார்ந்திருக்கிறவங்களைத் தள்ளக் கூடாது."

"இப்ப என்னம்மா பண்றது?"

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு என்ன பண்ணுவோம்? தண்ணி குடு. வந்த சேதி கேளு."

"நானா?"

"நீதானேடி கூப்பிட்டே."

டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டூலுக்கு முன்னால் வைத்தேன்.

"வந்த... வந்த சேதி என்னங்க?"

டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது.

நாங்கள் அப்படியே நின்றோம். ஓடவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

2:41.

க்ரீச்...

வாசல் திரை விலகியது. மெல்ல மூடியது. அந்த நேரம் காற்றே இல்லை.

ஸ்டூலைத் தொட்டேன். ஒரு விரலுக்கே சாய்ந்துவிட்டது.

"போயிடுச்சாம்மா?"

"ம்."

"எங்கே?"

மான்சா அம்மா என் பையை எடுத்து என் கையில் திணித்தார்.

வேனில் இடம் பிடித்து, நெரிசலில் திணறி, டாஃபோவில் என் வீடு வந்து சேர 4:10 ஆகிவிட்டது. ஆன்ட்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. நான் ஒருநாளும் பாலிஷ் போடாத நாற்காலி.

அதன்மேல் இரண்டு வட்டம். பிசுக்கு. குனிந்து மோந்தேன். ஷியா வெண்ணெய்... தேன்மெழுகு...

என் பாலிஷ்.

"யாருங்க வந்தது?"

"யாரும் வரல. நீ சாப்பிட்டியா?"

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குமேல் எத்தனை கேட்டும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரியே காய்ச்சல் திரும்பியது. ஊசி, மருந்து, ஜெபம், எதற்கும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் கை என் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு நியார்க்கோ என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முற்றத்துல துணி துவைச்சுட்டிருந்தேன். ரேடியோல மணி ரெண்டே முக்கால்னு சொன்னான். உள்ளே அண்ணன் பேசற சத்தம் கேட்டுச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். அண்ணன் மட்டும்தான் இருந்தாரு. காய்ச்சல்ல உளர்றாருன்னு நினைச்சு விட்டுட்டேன்."

"என்னடி பேசினார்?"

"'உட்காருங்க'ன்னாரு. 'வந்த சேதி என்ன'ன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல."

"அப்புறம்?"

"'செர்வாவா?'ன்னு கேட்டாரு. 'வேணாம், அவளை விட்டுடுங்க. நான் காய்ச்சல்ல ஏற்கெனவே பாதி வழி வந்தவன்தானே, என்னைக் கூட்டிட்டுப் போங்க'ன்னாரு."

அந்த நேரத்தில் நான் வேனுக்காகக் காத்திருந்தேன். கூட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவுதானா?"

நியார்க்கோ அழுதாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டாரு, அண்ணி. 'இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் அவளை விடுவீங்களா?'ன்னு."

அதற்கு என்ன பதில் வந்தது என்று அவளுக்குத் தெரியாது.