உயிர் லைன்

முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிற அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய வீட்டுச் சுவருக்குள் கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாவிட்டால், மேலே ஒருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே சுவரில் காதை ஒட்டிக்கொண்டே நடப்பார். "நான் கத்துறது மட்டும் காதுல விழாது, செவுத்துக்குள்ள போற தண்ணி விழும்" என்பது அவர் மனைவியின் தீராத புகார்.

தண்ணீர் ஓடும் குழாய் அவருக்கு உயிர் லைன். ஓடாதது செத்த லைன். ஒருமுறை அவசரத்தில் உயிர் லைனைச் செத்ததென்று நினைத்து அடைத்துவிட்டார். மறுநாள் ஒரு புதுமணத் தம்பதியின் கட்டிலுக்கடியில் கணுக்கால் அளவு சாக்கடை. அன்றிலிருந்து, மூன்று நாள் காது வைத்துப் பார்க்காமல் எந்தக் குழாயையும் அவர் அடைப்பதில்லை.

ஒரு மாடி வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டது அந்த வீட்டு மகள். மாடிக் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. அம்மாவுக்கு மாடியேற முழங்காலும் இல்லை, மனசும் இல்லை. கீழே புதுக் குளியலறை கட்டிக் கழிவைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். அம்மா படுக்கும் அறையின் சுவருக்குள் இறங்கும் பழைய இரும்புக் குழாயை அடைத்துவிட வேண்டும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு அந்தச் சுவரில் காதை வைத்தார். தண்ணீர் இறங்கியது. ஒரு குவளை அளவு. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு நீண்ட அமைதி, யாரோ சோப்புப் போடுவதுபோல. பிறகு விடாமல் ஏழெட்டுக் குவளை.

மாடிக்கு ஓடினார். தண்ணீர் வரும் வால்வை முந்தின நாளே அவர் கையால் மூடியிருந்தார். தரையில் தூசி அப்படியே படிந்திருந்தது, ஒரு கால் தடம் இல்லை. பக்கத்து வீட்டு லைன் இதில் சேர்ந்திருக்குமோ என்று சொட்டு நீலம் கரைத்து அவர்கள் குளியலறையில் ஊற்றிப் பார்த்தார். நீலம் அவர்கள் தொட்டிக்கே போனது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

"என்னண்ணே, செவுத்துகிட்ட என்ன ரகசியம்? அடைச்சுட்டுப் போங்களேன்" என்றாள் மகள்.

"இது உயிர் லைன், பாப்பா."

"மேல குளிக்க ஆளே இல்ல. எலி ஏதாச்சும் ஓடும்."

"எலி சோப்பு போடாது, பாப்பா."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினார். "தம்பி, உங்களுக்கும் கேக்குதா?"

அவர் தலையாட்டினார்.

"அடைச்சுட்டா, அவர் குளிக்கிற தண்ணி எங்க போகும்?"

மகளின் முகம் வெளுத்தது. காதுக்காரருக்குத் தெரிந்தது தொழில் பதில் ஒன்றுதான்.

"போக வழியில்லாம தேங்கும்மா. கால்ல நிக்கும்."

"அன்னிக்கும் நின்னுச்சு. அடைப்பெடுக்க ஆளக் கூப்பிடுன்னு ரெண்டு தடவ சொன்னாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்னேன்." அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "மறுபடி நிக்க விட்டுடாதீங்க, தம்பி."

 காதுக்காரர் பழைய குழாயைச் சுவரின் அடியில் அறுத்து, ஒரு வளைவு போட்டு, பின்பக்கம் போகும் புது லைனோடு சேர்த்தார். தண்ணீர் தேங்காமல் இறங்க, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாட்டம் கொடுத்தார்.

மறுநாள் காலை கொல்லையில் தொட்டி மூடியைத் திறந்து வைத்தார். அம்மா நாற்காலி போட்டு அருகில் உட்கார்ந்தார். புதுக் குளியலறைக்கு இன்னும் குழாயே பொருத்தவில்லை. ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளை நுரையோடு, லேசான ஆவி பறக்க.

"நிக்காம போகுதா, தம்பி?"

"நிக்கலம்மா. நல்லா ஓடுது."

கடைசி நுரை போகும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, அன்றாடம் சொல்கிற குரலில், "பாத்து இறங்கி வாங்க" என்றார்.

காதுக்காரர் நிமிரவில்லை. மூடியை மெல்ல நகர்த்தி வைத்தார்.