வளைவில் சாய்ந்தவர்கள்

ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் வலப்பக்கம் திரும்பினாலே என் வேன் உறுமுகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது. டயர் மாற்றியும் போகவில்லை. அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கலசப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வந்திருக்கிறேன்.

என் சின்ன வயதில் நைனா, என் அப்பா, ஓட்டிய வேனிலும் இதே உறுமல்தான். சந்தை நாளில் உள்ளே புளி மூட்டை வாசனையும் வெற்றிலை வாசனையுமாக இருக்கும். நைனாவும் டயர் மாற்றிப் பார்த்தார். ஒருநாள் வளைவில் கூட்டமெல்லாம் எதையோ பார்க்க வலப்பக்கம் சரிய, சத்தம் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து அதுவே வைத்தியம்.

"எல்லாரும் சோத்துக்கை பக்கம் சாயுங்க!" என்று நைனா கத்துவார். சிரித்துக்கொண்டே சாய்வோம். அம்மா மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருப்பாள்.

"வண்டிக்கு இன்னாவோ ஆயிருக்குது, காட்டிட்டு வாய்யா."

"அதான் அடங்குதே, இன்னா இப்போ?"

ஒரு சந்தை நாளில் எங்களை இறக்கிவிட்டு, நைனா தனியாகக் கீழே போனார். சாய ஆளில்லை. பின்சக்கரம் கழன்று வேன் பள்ளத்தில் கிடந்தது. நைனாவின் உடலைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "இடது பின்சக்கரத்து பேரிங் தேஞ்சிருக்குதுங்க. பாரம் அந்தப் பக்கம் போனா கத்தும், விலகுனா அடங்கும். அடங்குனாலும் தேயறது நிக்காது, ஒருநாள் சக்கரமே கழண்டுடும். சின்ன சாமான்தாங்க."

"சின்ன சாமானா?" என்றாள் அம்மா.

பேரிங் மாற்றித் திரும்பும்போது வேன் சத்தமே இல்லாமல் மலையேறியது. வலப்பக்க வளைவு வந்ததும், அந்த நாளிலெல்லாம் சாயாத அம்மா, என் தோள் பக்கம் சாய்ந்தாள்.