கரையடித் தெருவின் ஆடுகள்

அந்த வருடம் ஐப்பசி முடியும் முன்பே கண்மாய் நிரம்பிவிட்டது. கிராம நிர்வாக அலுவலராக எனக்கு அது நாலாவது வருடம். என் சொந்த ஊர் குளத்தூர்ப் பக்கம். அங்கே மழை என்பது வாசலில் நின்று ஆசையாகப் பார்க்கிற விஷயம். நான் வேலை பார்த்த கிராமமோ அதே மாவட்டத்தின் தெற்குக் கோடியில், வெள்ளாறு கடலை நெருங்குகிற வழியில் இருந்தது. மேற்கே எங்கே கொட்டினாலும் தண்ணீர் கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து இறங்கும்.

ஐந்து நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குக் கண்மாயைக் கவனிக்கும் ஊழியர், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்.

"மேடம், மடைக்குப் பக்கத்துல கரை கசியுது."

"கசிவு நேத்தே இருந்துச்சே?"

"நேத்துத் தெளிவா வந்துச்சு. இன்னைக்குக் கலங்கலா வருது. உள்ளுக்குள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்."

அவருடன் போய்ப் பார்த்தேன். கரையின் அடியில், டீயின் நிறத்தில், ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கரையடித் தெரு. நாற்பது வீடுகள். அங்கிருந்தே தாசில்தாருக்குப் போன் செய்தேன். மணல் மூட்டையோடு ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம், மதியத்துக்குள் தெருவைக் காலி செய்துவிடுங்கள் என்றார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்தான் முகாம். சத்துணவு அம்மா அதற்குள் அடுப்பு மூட்டியிருந்தார்.

பத்து மணிக்கு அரசாங்க பஸ் வந்து நின்றது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் ஏறினார்கள். வேறு யாரும் ஏறவில்லை.

எனக்குப் புரியவில்லை. வீடு வீடாகப் போனேன். அந்தத் தெருவில் ஆண்கள் குறைவு. பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் வளைகுடாவில். பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் நனைந்துகொண்டே நான் சொன்னதைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், "நீங்க போங்க மேடம், பின்னாடியே வாரோம்" என்றார்கள். யாரும் ஒரு துணிமூட்டையைக்கூட எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் ஒட்டி இறக்கிய சார்ப்பிலும் ஆடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

தெருக்கோடியில் இருந்த அக்காதான் கடைசியில் உண்மையைச் சொன்னார். நாற்பது வயது இருக்கும். கணவர் சவூதியில் வண்டி ஓட்டினார். பதினாறு ஆடுகள் வைத்திருந்தார். தெருவில் யார் எதைச் செய்வதானாலும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"பின்னாடியே வாரோம்னு சொல்றதெல்லாம் சும்மா மேடம். ஆட்ட விட்டுட்டு இங்கிட்டு இருந்து ஒருத்தரும் வர மாட்டோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரு முக்கியமா ஆடு முக்கியமாக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க இங்க வாரதுக்கு முந்தி, போன வெள்ளத்துக்கு இதே மாதிரிதான் ஒரு பஸ்ஸு வந்துச்சு. சாயங்காலம் திரும்பிரலாம்னு சொன்னாக. நம்பி ஏறிப் போனேன். மூணு நாள் கழிச்சுத்தான் விட்டாக. வந்து பாத்தா, கட்டுன எடத்துலயே அத்தனையும் செத்துக் கெடக்கு. கயித்தயாச்சும் அவுத்து விட்டுட்டுப் போயிருக்கலாம் மேடம். நீந்திப் பொழச்சிருக்கும். நான்தானே கட்டுனேன்."

பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் சார்ப்புகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதேதான் நடந்திருந்தது.

"எம் மக நர்சிங் படிக்கிறா. ஆட்ட வித்துத்தான் படிக்கிறா. உசுரு, ஆடுன்னு ரெண்டா பிரிக்க எனக்குத் தெரியல மேடம்."

நான் கத்தியது எனக்கே வெட்கமாக இருந்தது. பஸ் டிரைவரிடம் போய் ஆட்டை ஏற்றலாமா என்று கேட்டேன். "என் வேலை போயிரும் மேடம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நடத்திக் கொண்டுபோகவும் முடியாது. வழியில் தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஆடு தானாக ஓடுகிற தண்ணீரில் கால் வைக்காது. டிராக்டர்கள் எல்லாம் வேறு ஊர்களுக்குப் போயிருந்தன. தாசில்தாரைக் கூப்பிட்டேன். அவருக்கு அன்று இருபது கிராமம் மூழ்கிக்கொண்டிருந்தது. "ஆட்டை அப்புறம் பார்ப்போம்மா, முதல்ல ஆளை ஏத்துங்க" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் சந்தையில் கறிக்கடை வைத்திருக்கும் பாய் ஞாபகம் வந்தார். வாரம் ஒருமுறை ஆடு பிடிக்க எங்கள் ஊருக்கு வருவார். கம்பி அடைத்து, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று இரண்டு அடுக்கு வைத்த உயரமான வண்டி அவருடையது. அந்த வண்டிக்குத் தரைப்பாலத்துத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"முப்பது வருஷமா ஆட்டு யாவாரம் பண்றேன் மேடம். வெட்டத்தான் ஏத்திருக்கேன். காப்பாத்த ஏத்துங்கன்னு கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார். பிறகு, "அரை மணி நேரத்துல வாரேன்."

அந்த அரை மணி நேரத்தில் இடம் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு அடுத்து நெல் கொள்முதல் செய்கிற பெரிய தகரக் கொட்டகை. அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருந்ததால் காலியாகப் பூட்டிக் கிடந்தது. காவல்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "யார் பொறுப்புங்க?" என்று கேட்டார். ஒரு வெள்ளைத்தாளில் "முழுப் பொறுப்பு நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேலதிகாரியிடம் கேட்காமல் நான் வேலையில் எடுத்த முதல் முடிவு அது.

பாய் இரண்டு ஆட்களோடு வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்ததும் தெருவில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எதிர்பார்த்திருக்க வேண்டும், நான் யோசிக்கவே இல்லை.

"கறிக்கடை வண்டியிலயா?"

"ஏறுன ஆடு எங்க எறங்கும்னு யாருக்குத் தெரியும்?"

பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெரு நடுவில் நின்றார். அவருக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். விலை பேசிப் பேசிப் பழகிய முகங்கள். "ஆத்தா, சந்தேகப்படுறது தப்பில்ல. நானா இருந்தாலும் சந்தேகப்படுவேன். ஒண்ணு செய்வோம். மேல் தட்டுல ஆடு ஏறட்டும். கீழ் தட்டுல நீங்க ஏறுங்க. ஒங்க ஆடு எங்க எறங்குதோ அங்கதான் நீங்களும் எறங்குவீக. சரியா?"

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. நான் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசி நடக்காதது, அந்த ஒரு பேச்சில் நடந்தது.

அடுத்த கவலை, எல்லாம் கலந்துவிட்டால் யாருடையது எது என்பது. மழையில் பெயிண்ட் ஒட்டாது. தெருக்கோடி அக்கா உள்ளே போய் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து நீளநீளமாகக் கிழித்தார். தன் ஆடுகளின் கழுத்தில் ஆட்டுக்கொரு துண்டு கட்டினார். ஒரு துண்டைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்ய, பத்து நிமிடத்தில் தெருவின் அத்தனை ஆடுகளும் சுங்குடி, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று கழுத்தில் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குக் கிளம்பியது போல நின்றன.

முதல் நடையில் அக்கா ஏறினார். இரண்டாம் நடையில் பிள்ளைக்காரிகள். பாயின் ஆட்கள் ஆட்டைத் தூக்குவது பார்க்கவே அழகாக இருந்தது. ஒரு கை வயிற்றுக்கடியில், ஒரு கை மார்புக்கடியில். ஆடு திமிருவதற்குள் மேல் தட்டில் நிற்கும். பெரியவரையும் மனைவியையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்த அரசாங்க பஸ் பக்கத்திலேயே காலியாக நின்றது. டிரைவர் இறங்கி வந்து, காக்கிப் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, தானும் ஆடு தூக்க ஆரம்பித்தார்.

மணல் மூட்டைக்காரர்கள் கரையில் போராடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது நடை கிளம்பும்போது மணி மூன்று இருக்கும். கரையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. கண்மாய் ஊழியர் கையை ஆட்டி ஆட்டி, "போதும், போங்க!" என்று கத்தினார். கடைசி வீட்டுக் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். டிரைவரும் பஸ்ஸைக் கிளப்பினார். கரையில் நின்றவர்களும் மேட்டுப்பக்கமாக ஓடி விலகினார்கள். தரைப்பாலத்தைத் தாண்டி மேடேறியபோது திரும்பிப் பார்த்தேன். மடைக்குப் பக்கத்தில் கரை, யாரோ மெதுவாகக் கையால் தள்ளியது போல, உட்கார்ந்தது. பிறகு தண்ணீர் வந்தது. தெருவுக்குள் நுழைந்து, சார்ப்புகளைத் தூக்கிக்கொண்டு, மறுபுறம் வயலில் போய் விரிந்தது.

அங்கே ஒருவரும் இல்லை. ஒரு ஆடுகூட இல்லை.

வண்டியில் யாரோ விசும்பினார்கள். அப்புறம் பாய்தான், "யாரும் இல்லல்ல? அப்புறம் என்ன? அழுவாதீக" என்றார்.

அன்று மாலை கொட்டகையில் எழுந்த சத்தத்தை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். நூற்றுக்கணக்கில் ஆடுகள் கத்த, பெண்கள் மணிக்கட்டைக் காட்டிக் காட்டித் தங்கள் ஆட்டைத் தேடிப் பிரித்தார்கள். ஒரே சுங்குடிச் சேலையை இரண்டு வீட்டில் கிழித்திருந்ததால் கொஞ்சம் சண்டை நடந்தது. அதையும் ஆடுகளே தீர்த்துவைத்தன. கூப்பிட்ட குரலுக்கு நேராகப் போய் நின்றன.

மறுநாள் காலை பால் வண்டி வரவில்லை; சாலை அறுந்திருந்தது. முகாமில் கைக்குழந்தைகள் ஒன்பது. சத்துணவு அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அக்கா ஒரு சருவச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அரை மணி நேரத்தில் நுரை தளும்பத் திரும்பி வந்தார். பொங்கக் காய்ச்சி, குழந்தைகளுக்குக் கொடுத்தது போக எல்லோருக்கும் டீ கிடைத்தது. ஆட்டுப்பால் வாடை என்று முகம் சுளித்தவர்கள்கூட இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தாசில்தார் ஜீப்பில் வந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். கொட்டகையை எட்டிப் பார்த்தார். எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாள் ஞாபகம் வந்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெருவுல எத்தனை பேர் தங்கிட்டாங்க?" என்று கேட்டார்.

"யாருமே இல்ல சார்."

"ஒருத்தரும் இல்லையா?"

"ஒருத்தரும் இல்ல சார். எல்லாரும் ஆட்டோட வந்துட்டாங்க."

அவர் கொட்டகைப் பக்கம் இன்னொரு தடவை பார்த்தார். மற்ற ஊர்களில் கூரை மேலே ஏறி நின்றவர்களைப் படகு வைத்து இறக்கிவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முகாம் பட்டியலைக் கேட்டார். நீட்டினேன். ஒரு ஓரம் இல்லை. அதிகாலையில் ஒரு கிடாய்க்குட்டி தின்றிருந்தது. அதைச் சொன்னதும் மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, இதுகளுக்குத் தீவனம் வேணுமில்ல? எழுதிக் கொடுங்க" என்றார். மதியமே ஒரு லாரி நிறையக் கடலைக்கொடி வந்து இறங்கியது.

கரை உடைந்த ஆறாம் நாள் தண்ணீர் வடிந்தது. வீடுகளுக்குச் சேதம் நிறைய. ஏழு மண்சுவர்கள் போயிருந்தன. அக்கா வீட்டுச் சமையல் சார்ப்பு போன இடமே தெரியவில்லை. ஆனால் நாங்கள் திரும்பிப் போனது இழவு வீட்டுக்குப் போகிற நடையாக இல்லை. பாய் வண்டி முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வெயில் வந்து தரைப்பாலத்துத் தண்ணீரும் வடிந்துவிட்டதால் ஆடுகளை நடத்தியே கூட்டிப் போனார்கள். ரோட்டோர ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "எத்தன போச்சு?" என்று ஒரு கிழவர் கேட்டார். அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு, "போகல. ரெண்டு கூட வருது" என்றார். முகாமில் பிறந்த இரண்டு குட்டிகளும் அவர் தோளிலும், விஷயம் கேட்டு ஊருக்கு வந்திருந்த மகள் தோளிலும் இருந்தன.

அடுத்த வருடம் மழைக்கு முந்திய கூட்டம் தாலுகா ஆபீஸில் நடந்தது. எல்லாக் கிராம அலுவலர்களும் உட்கார்ந்திருந்தோம். முகாம் இடம், சமையல், ஜெனரேட்டர் என்று வழக்கம்போல ஒவ்வொருவராகப் படித்தோம். என் முறை வந்தபோது, தாசில்தார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இனிமே எல்லாரும் இன்னொண்ணும் சொல்லணும். ஒங்க ஊர் ஆடு மாடு எங்க தங்கும், எந்த வண்டியில போகும். இவங்க மொதல்ல சொல்லுவாங்க, கேட்டுக்கங்க."

எழுந்து நின்றேன். கொட்டகை சாவி யாரிடம் இருக்கிறது, வண்டி யாருடையது, எத்தனை நடை போக வேண்டும், கழுத்தில் துணி எப்படிக் கட்ட வேண்டும் என்று தாளைப் பார்க்காமலே சொன்னேன். பின் வரிசையில் யாரோ பேனாவைத் தட்டிப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். குரல் நடுங்காமல் அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.