நிலம் உன்னோடது, மண்ணு என்னோடது

செய்தி வந்தது பகல் பதினொன்றே கால் மணிக்கு. கோயம்புத்தூரில் மகள் ஸுப்ரியாவின் வீட்டில், பேத்தியைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள் மீனாக்ஷி. ஈரக் கையோடு கைப்பேசியை எடுத்தாள். திருப்பூணித்துறையிலிருந்து அண்ணா அனந்தநாராயணன் இரண்டே வார்த்தை அனுப்பியிருந்தார்: 'parambu vithachu'.

அந்தக் குடும்பத்தில் எல்லோரும் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், கைப்பேசியில் தட்டுவது இங்கிலீஷ் எழுத்து. ஊரிலிருந்து கிளம்பும்போது மீனாக்ஷி பயறு, வெண்டை, பாவல், இளவன் பூசணி என்று விதைகளைத் தனித்தனித் துணியில் முடிந்து அண்ணாவிடம் கொடுத்திருந்தாள். மழை பிடிக்குமுன் ஆள் விட்டு விதைத்துவிடும்படி சொல்லியிருந்தாள். அதனால் அந்தச் சொல்லை அவள் மலையாளமாகப் படித்தாள். விதச்சு. பறம்பில் விதைத்தாயிற்று. 'சந்தோஷம் அண்ணா' என்று பதில் தட்டி, கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள்.

அண்ணா எழுதியது தமிழ். வித்தாச்சு.

அந்தப் பறம்பு மட்டாஞ்சேரியில் அவள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனை. அப்பா அண்ணாவின் பேருக்கு எழுதிவைத்தது. அவள் கணவன் விஸ்வநாத் மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், ஒருநாள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வாசலில் கிடத்தியிருந்தபோது, இந்தப் பறம்பை உன்னைக் கேட்காமல் விற்கமாட்டேன், நீ ஏதாவது நட்டுப் பொழுதைப் போக்கு என்று அண்ணா எல்லார் காதிலும் விழச் சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பறம்புக்குள் இறங்கினாள்.

முதல் விதைப்பு முளைத்தது. இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகிச் செத்தது. கார்த்திகையில் கடல் ஏறினால் ஓடை வழியாகக் காயலின் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பின்மீது அவளுக்கு வந்த கோபம் போல, விட்டுப்போன விஸ்வநாத்தின்மீதுகூட வந்ததில்லை. கிடங்குக்காரர்கள் எறியும் சுக்குத் தூசி, மீன் சந்தைக் கழிவு, சாணம், தென்னை நார்த்தூள், சுட்ட கக்காச் சிப்பிச் சுண்ணாம்பு, எல்லாவற்றையும் சுமந்து கொட்டினாள். முழங்கால் உயரத்துக்குத் தடங்கள் மேட்டுப் பாத்திகளாக எழும்பின. நாலாம் வருஷம் அந்த மண் அள்ளினால் கையில் உதிர்ந்தது. தெருவே அவள் பாவற்காயைத் தின்றது.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய அன்று, பெட்டியை வீட்டுப் படியில் வைத்துவிட்டு முளை பார்க்கப் போனாள். ஒரு முளையும் இல்லை. தடங்களுக்கு நடுவே அளவுக்கல் நட்டிருந்தது. யூதத் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் கிடங்கு கட்ட வாங்குகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

அண்ணா மாலையில் ஸ்கூட்டரில் வந்தார்.

"என்னத்துக்குக் கத்தறாய்? சொல்லாமயா செஞ்சேன்? நீயே சந்தோஷம்னு எழுதியிருக்காய். இதோ பாரு, கைவேற கூப்பியிருக்காய்."

"விதச்சுன்னு படிச்சேன்."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்."

பிறந்ததிலிருந்து அவரை 'நீங்கோ' என்றே கூப்பிட்டவள். அன்று நாக்கு அதைச் சொல்ல மறுத்தது.

"முளைச்சுதான்னு ஃபோன்ல நாலு தடவ கேட்டேனே, அப்போ உனக்குப் புரியலயா? விதையெல்லாம் எங்க?"

"உன் மன்னி ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கா. ஒண்ணும் கேடு வராது."

"பொணத்த வெச்சுண்டு வாக்குக் குடுத்தாய்."

"பாரு மீனா, பேரு என் பேரு. வரி நான் கட்டறேன். வருஷத்துக்கு ஒரு கூடை வெண்டக்கா தந்தாய், அவ்வளவுதான். புதன்கிழமை ரெஜிஸ்டர்."

மீனாக்ஷி குனிந்து தடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"சரி. நெலம் உன்னோடது. மண்ணு என்னோடது."

"மண்ணு இல்லாம என்ன நெலம்? பைத்தியமா உனக்கு?"

"உனக்கு அப்பா குடுத்தது உப்பும் சேறும். அதத்தான் நீ வித்திருக்காய். அத அவனுக்குக் குடு."

மறுநாள் விடிந்ததும் சரக்கு ஆட்டோ ஓட்டும் பஷீரை வரச்சொன்னாள். கிடங்கிலிருந்து காலிச் சுக்குச் சாக்குகள் வாங்கினாள். கூலிக்கு ஆள் போதாமல் தானும் தடத்து மண்ணை அள்ளினாள். கை கொப்புளித்தது, துணி கட்டிக்கொண்டு அள்ளினாள். அவள் வீட்டு மாடி தாங்காது என்று கொத்தனார் பயமுறுத்தியதால், பாதியை மாடிக்கும் பாதியைப் பஷீர் வீட்டுப் பின்புறத்துக்கும் அனுப்பினாள். பஷீரின் மனைவி ஜுமைலா பங்குக்குப் பயறு வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"சேச்சி, மண்ணு கடத்தறோம்னு போலீஸ் கையக் காட்டி நிறுத்தினா?" என்றான் பஷீர்.

"சாக்குல என்ன எழுதியிருக்கு?"

"சுக்கு."

"அப்போ சுக்குன்னு சொல்லு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணா கூப்பிட்டார். "மட்டாஞ்சேரியே சிரிக்கறது. வாங்கற ஆள் வந்து பார்த்துட்டுக் குழியில வெள்ளம் நிக்கறதுங்கறான். மண்ணடிச்சுத் தந்தாத்தான் ரெஜிஸ்டருக்கு வருவானாம்."

"சந்தோஷம் அண்ணா" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தாள். பிறகு அவர் அழைப்பை எடுக்கவே இல்லை.

மன்னியிடமிருந்து விதை முடிச்சுகளைப் பஷீர் போய் வாங்கிவந்தான். மாடியில் சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டு அந்த மண்ணிலேயே எல்லாம் ஊன்றியாயிற்று. பயற்றுக்குப் பந்தல் போட மூங்கில் நட்டு, மூன்று பக்கம் கயிறு கட்டினாள். பறம்பைப் பார்த்த நாலாவது பக்கம் இன்னும் கட்டவில்லை.