கணக்கில் வராத தண்ணீர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. மூன்று வருடங்களுக்கு முன், பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ப்ரிஸ்பேனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் இது எனக்கு நடந்தது. ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், நாற்பத்தொரு டிகிரி வெயிலில். நான் குடித்திருக்கவும் இல்லை. நேரமெல்லாம் என் கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கிறது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். வறண்ட பூமியில் பன்னிரண்டு பேர் வந்து குடியேறுவார்கள். அவர்களை வைத்து அணை கட்ட வேண்டும், கால்வாய் வெட்ட வேண்டும், பஞ்சத்தைத் தாண்ட வேண்டும். படம் வரைவது டேவோ. எங்களை மேய்ப்பது மார்னி. மழை, வெள்ளம், வறட்சி எல்லாம் என் பொறுப்பு. விளையாட்டில் வரும் குடிகளுக்கு எங்கள் பெயர்களையே வைத்திருந்தோம். லாக்கி என்று ஒருவன் இருப்பான், அது நான். டேவோ ஒருவன். மார்னி ஒருத்தி. மீதி ஒன்பதும் எங்கள் வீட்டு ஆட்கள்.

தண்ணீர் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே வந்த தண்ணீரும், போன தண்ணீரும், மிச்சமிருக்கும் தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும். எனக்கு ஒத்துப்போகவில்லை. இரண்டு வாரமாக, விளையாட்டை ஓடவிட்டால் எங்கிருந்தோ தண்ணீர் கூடிக்கொண்டே போனது. பஞ்சத்திலும் கூடியது.

"லாக்கி, திங்கக்கிழமை பணம் போடறவங்க முன்னாடி இதை ஓட்டிக் காட்டணும். பஞ்சத்துல வெள்ளம் வந்துச்சுன்னா, வெள்ளத்தோட நீயும் போயிடு" என்று மார்னி முந்தின நாள் போனில் சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

இதில் என் சோம்பேறித்தனமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சோதனைக்கு ஒரு நிலப்பரப்பு வேண்டியிருந்தது. மலை, பள்ளமெல்லாம் நானே உட்கார்ந்து செதுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அரசாங்கம் இலவசமாகத் தரும் நில அளவுகளை எடுத்து எங்கள் ஊரையே அச்சு அசலாக உள்ளே போட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற வேலைதான் இது.

அன்று மதியம் 1:40. தண்ணீர் ஊறும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நிலமெங்கும் சின்னச் சின்னக் கட்டங்கள். அதில் ஒரே ஒரு கட்டம். அது எங்கே இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெரு. நானும் டேவோவும் வாடகைக்கு இருந்த மர வீடு. என் நாற்காலிக்கு நேர் கீழே.

எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஏன் ஊறுகிறது என்று தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. நேரம் இல்லாதபோது எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். அந்தக் கட்டத்தின் மேல் ஒரு பாறையை வைத்து அடைத்தேன். ஒரே ஒரு சொடுக்கு. பதிவில் நேரம் 1:52.

எங்கள் பகுதியில் வீடுகள் உயரமான மரக்கால்கள் மேல் நிற்பவை. கீழே நிழலும் காற்றும் இருக்கும். டேவோ அங்கே வலை ஊஞ்சலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

"டேவோ! அடைச்சிட்டேன்டா! தண்ணி நின்னுடுச்சு!" என்று பலகை இடுக்கு வழியாகக் கத்தினேன்.

"இதுக்கா ரெண்டு வாரம்? எங்க வீட்டுக் குழாய்க்காரன் பத்து நிமிஷத்துல அடைப்பான்."

"நீ வரைஞ்ச ஆட்டைப் பாத்து எல்லாரும் நாய்னு சொல்றாங்க. மொதல்ல அதைச் சரி பண்ணு."

"தூங்கறேன். செத்தா மட்டும் எழுப்பு."

இன்றைக்கும் அந்தப் பேச்சு என் காதில் இருக்கிறது.

விளையாட்டை வேகமாக ஓடவிட்டேன். 2:04. கூடுதல் தண்ணீர், பூஜ்யம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

2:09. குடிகள் வேலையை நிறுத்தினார்கள். மண்வெட்டியைப் போட்டார்கள், குடத்தைப் போட்டார்கள். எல்லோரும் ஒரே திசையில் நடந்தார்கள். நான் வைத்த பாறையைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். அப்படி நிற்கச் சொல்லி நான் எழுதவே இல்லை.

எண்ணினேன். பன்னிரண்டு பேர். பாறை மேல் ஒருத்தி... பதிமூன்று.

பாறை மேல் யாரும் ஏற முடியாது. அது நான் போட்ட விதி.

அவளைச் சொடுக்கினேன். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வேலை, இல்லை. நிலை... 'நனைந்திருக்கிறாள்'.

அப்படி ஒரு நிலையே எங்கள் விளையாட்டில் கிடையாது.

2:13. மழை பிடித்தது. பஞ்ச மாதம், ஒரு மேகம்கூட இல்லை. விளையாட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

மழை நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை. பாறையிலிருந்து இறங்கினாள்.

2:15. கீழேயிருந்து சத்தம்.

டொக்... டொக்... டொக்...

"டேவோ, சும்மா இருடா! கடுப்பேத்தாத!"

குதிகாலால் பலகையைத் தட்டினேன்.

டொக்... டொக்...

வெறுங்காலை ஊன்றியிருந்தேன். பலகை சில்லென்று இருந்தது. வெளியே நாற்பத்தொரு டிகிரி. என் பாதம் மரத்துப்போகிற அளவுக்குச் சில்லிப்பு. அப்போதுதான் பயந்தேன். உடம்பெல்லாம் பயந்தேன்.

2:17. திரையில் டேவோ தரையில் கிடந்தான். அவன் கிடந்த கட்டத்தில் மட்டும் தண்ணீர் ஏறியது. பக்கத்துக் கட்டங்கள் காய்ந்து கிடந்தன. முழங்கால் உயரம்... இடுப்பு... கழுத்து... அது தூண் மாதிரி நின்றது. தண்ணீர் அப்படி நிற்காது.

அவள் குனிந்து அவன் தலையைப் பிடித்திருந்தாள்.

நிலை... 'மூழ்குகிறான்'.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது.

டேவோ ஊஞ்சலில் கிடந்தான். சட்டையில் ஈரம் இல்லை. தலைமுடியில் ஈரம் இல்லை. மூக்கிலும் வாயிலும் சேற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது. அது என்னைப் பார்த்தது.

வெயிலுக்கு இழுத்துப் போட்டேன். குப்புறத் திருப்பினேன். தண்ணீர் கொட்டியது. நிற்கவில்லை... கொட்டிக்கொண்டே இருந்தது. காய்ந்த புல்லில் கிடந்து மூழ்கிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பதினான்கு நிமிடம் ஆகும் என்றார்கள்.

பதினான்கு நிமிடம்!

டொக்... டொக்...

சத்தம் கான்கிரீட் தரையிலிருந்து வந்தது. ஊஞ்சலுக்கு இரண்டடி தள்ளி. தரைக்கு அடியிலிருந்து.

பாறை. நான் வைத்த பாறை.

அவனை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். அவன் விரல்கள் என் கணுக்காலைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

2:21. மேலே வந்தேன். மேசை நனைந்திருந்தது. மவுஸைப் பிடித்தால் கை வழுக்கியது. பின்கழுத்தில் சொட்டு. ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு... யாரோ என் மேல் குனிந்து நிற்கிறார்கள்.

திரும்பவில்லை.

பாறையைச் சொடுக்கினேன்.

'எடுக்கவா?'

'ஆம்'.

தட்டும் சத்தம் நின்றது.

கீழே, டேவோ இருமினான்.

ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் கேட்டார்: "எந்த ஆத்துலேர்ந்து தூக்கினீங்க?" ஊர் ஓடையில் செப்டம்பரிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நுரையீரலில் வண்டல் இருந்ததாம். டேவோ பிழைத்துவிட்டான். அந்த வீட்டுப் பக்கம் அவன் மறுபடி வரவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரர் மெர்வுக்கு போன் போட்டுக் காலி செய்வதாகச் சொன்னேன். எண்பது வயது, முன்கோபி. வாடகை ஒப்பந்தத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"வீட்டுக்கு என்ன கேடு?"

"கீழ யாரோ இருக்காங்க, மெர்வ். ஒரு பொம்பளை. தொப்பலா நனைஞ்சு..."

யார் என்று அவர் கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. ஒப்பந்தம் கையிலிருந்து விழுந்தது.

"மேல வந்துட்டாளா?" என்றார்.

அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நேராகப் போலீஸுக்குப் போனேன்.

மெர்வின் மனைவி நோலீன் எழுபத்து நாலாம் வருடத்து வெள்ளத்தின்போது எவனோடோ ஓடிப்போய்விட்டதாக ஊரே சொல்லும். அந்த வெள்ளம் வடிந்த வாரமே மெர்வ் கொல்லைக் கிணற்றைப் பலகை போட்டுக் கான்கிரீட்டால் மூடியிருக்கிறார். பிறகு வேறு ஊரிலிருந்து ஒரு மர வீட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அதன் மேல் நிறுத்தியிருக்கிறார். எங்கள் பக்கம் வீட்டை இடம் மாற்றுவது சகஜம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தரையை உடைத்தார்கள். எலும்புகள் இருந்தன. மண்டையோட்டின் பின்புறத்தில் அடிபட்ட விரிசல்.

அடித்துக் கிணற்றில் போட்டதும் அவள் செத்துவிட்டாள் என்று மெர்வ் நினைத்திருக்கிறார். அந்த வாரம் கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. தண்ணீர் அவளை மேலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் மூடினார், ஐம்பது வருடம் கழித்து நானும் மூடினேன்.

ஒரு பெண் போலீஸ் அதிகாரி, உடைத்தெடுத்த கான்கிரீட் துண்டு ஒன்றைப் புரட்டிக் காட்டினாள். அது கிணற்றின் உள்பக்கம் பார்த்திருந்த பக்கம். இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில், கான்கிரீட்டில் ஒரு குழி. ஐந்து விரல்கள். ரேகைகூடத் தெரிந்தது.

காய்ந்த கான்கிரீட்டில் அச்சு விழாது.