சீரியல் சாவுக்கு ஒரு தலைமுழுக்கு

என் வீட்டுக்காரர் எங்கள் மலையூரான திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு லோரி ஓட்டுகிறவர். பனிமூட்டத்தில் மலை வளைவுகளில் அலட்டிக்கொள்ளாமல் இறங்குவார். அப்பேர்ப்பட்ட ஆம்பிளை, சாயங்காலம் சீரியல் தொடங்கியதும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மூக்குச் சிந்தத்தான். அவர் அழுவது பக்கத்து லயத்து வீடுகளுக்கே கேட்கும்.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகுதி நேரமாகத் தத்துவம் படிக்கப் போன இடத்தில், கலை என்றாலே கடுப்பாகும் பழைய கிரேக்க ஞானி ஒருவர் எனக்குக் கூட்டாளியாகக் கிடைத்தார். கண்ணால் காண்பதே நகல், கலை அந்த நகலுக்கும் நகல் என்பது அவர் கட்சி. சொந்தத் துக்கத்தில் அடக்கிய கண்ணீரை நாடகத்தில் அவிழ்த்துவிட்டால் மனிதன் கெட்டுப்போவானாம். கவிஞர்களையே ஊரைவிட்டு அனுப்பச் சொன்னவர், எங்கள் வீட்டு டிவியை விட்டுவைப்பாரா? எனக்குக் குஷி தாங்கவில்லை. மாதக் கடைசியில் டிவி இணைப்பை வெட்டிவிடப் போவதாக அறிவித்தேன்.

"அந்தாள மொதல்ல என் லோரிய ஓட்டிப் பாத்துட்டுப் பேசச் சொல்லு லா," என்றார் இவர்.

அந்த வாரமே சீரியலில் கதாநாயகனின் அண்ணன் செத்துப்போனான். இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு விறுவிறுவென்று குளியலறைக்குப் போய், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகுவது வழக்கம்தான். அதற்காக சீரியல் சாவுக்கா? அதுவும் எலும்பைக் கடிக்கிற இந்த ஊர்ப் பச்சைத் தண்ணீரில்?

"அந்த நடிகன் இந்நேரம் எந்திரிச்சு டீ குடிச்சிருப்பான். வெறும் படத்துக்குப் போயி தலை முழுகுறீங்களே!" என்று கதவுக்கு வெளியே நின்று சிரித்தேன்.

நடுங்கிக்கொண்டே வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"எங்கண்ணன் செத்தப்ப நானும் அதத்தான சொன்னேன்," என்றார்.

கோவிட் சமயத்தில் ஜொகூரில் அவர் அண்ணன் இறந்தபோது சாலைகளை அடைத்திருந்தார்கள். அடக்கத்தைப் போன் வீடியோவில்தான் பார்த்தோம். அன்றைக்கு இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தலை முழுகச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.

"போன்ல தெரியறது வெறும் படம், எங்கண்ணன் இல்லன்னு இருந்துட்டேன்மா," என்றார்.

கிரேக்கரிடம் இதற்குப் பதில் இருந்திருந்தாலும் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. துண்டை வாங்கி அவர் தலையைத் துவட்டினேன். டிவி இணைப்பைப் பற்றி அதன்பின் நான் வாய் திறக்கவே இல்லை.

துவட்டத் துவட்ட மறுபடி அழுதார்.

"எனக்கு அண்ணன் இப்பதான் போனாரு," என்றார்.