நண்டு கன்டெய்னரும் ஜாவா பிளகினும்

துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், தினமும் பிற்பகல் மில்லர்புரத்தில் உள்ள ஓர் ஏற்றுமதி முகவர் அலுவலகத்துக்குப் போவேன். எந்தக் கப்பல் வருகிறது, எது கிளம்புகிறது என்று அங்கே தெரிந்துவிடும். அதை நடத்தியவர் நாசரேத்துக்காரர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பென் டிரைவில் வந்த வைரஸ்களால் வெறுத்துப்போய் அவர் வாங்கிய புதுக் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான்.

ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது, அதுவரை கையொப்ப வேலை நடந்த பழைய கணினி காலையிலேயே செத்துப்போயிருந்தது. அக்காவின் மேசை முன்னால் தருவைகுளத்து நண்டு வியாபாரி நின்றிருந்தார். அதுவரை அடுத்தவர் பெயரில் சரக்கு அனுப்பியவர். அன்றுதான் சொந்தப் பெயரில் முதல் கன்டெய்னர். அது துறைமுக வாசலில் குளிர் எந்திரம் ஓட நின்றுகொண்டிருந்தது. அக்கா இணையத்தில் மின்கையொப்பமிட்டு அனுமதி எண் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து மணிக்கு வாசல் மூடிவிடும். கப்பல் தவறினால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"ஏளா, பழைய பெட்டிதான் செத்துட்டு. புதுசு என்ன தவசு காலமா அனுசரிக்கி, வேலை செய்யாம உபவாசம் கெடக்க?"

"அண்ணாச்சி, நீங்க சத்தம் போட்டா அது ஓடாது. இந்தா, போட்ட ஆளே வந்தாச்சு. அவரைப் பிடிங்க."

அனுமதி வாங்கும் இணையதளத்தில் கையொப்பமிட பிரவுசருக்குள் ஜாவா ஓட வேண்டும். அதற்கான பிளகின் என்ற துணை நிரல்களை பிரவுசர்கள் இன்னும் கைவிடாத வருஷங்கள் அவை. ஜாவாவை இறக்கி, பொதியைப் பிரித்து, டெர்மினலைத் திறந்தேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுவதை வியாபாரி என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"தம்பி, படம் ஒண்ணும் வராதோ?"

ஜாவா ஏறிவிட்டது. பிரவுசருக்குத்தான் அது தெரியவில்லை. பிளகின் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடி, பிரவுசர் பார்க்கும் அடைவில் அதற்கு ஓர் இணைப்பு போட்டேன். பிரவுசரை மூடித் திறந்ததும் பட்டியலில் ஜாவா நின்றது. எனக்குக் கை துறுதுறுவென்றது. அக்கா பென் டிரைவ் போன்ற கையொப்பச் சாவியைச் செருகி, கடவுச்சொல்லை அடித்தார்.

'கையொப்பம் ஏற்கப்படவில்லை.'

மறுபடி அடித்தார். அதே பதில். வியாபாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜாவாவின் செய்திப் பலகையைத் திறந்து, வரிவரியாகப் படித்தேன். கையொப்பமிட்ட நேரம் ஒரு வரியில் இருந்தது. என் கைப்பேசியைப் பார்த்தேன். அரை மணி நேரம் வித்தியாசம்.

"அக்கா, கணினியில மணி தப்பா இருக்கே?"

"தப்பில்ல, நான்தான் வச்சேன். இங்க எல்லாக் கடிகாரமும் அரை மணி முன்னாலதான் ஓடும். அப்பதான் ஒருத்தனும் வாசல் மூடுற நேரத்தைத் தவறவிடமாட்டான். பழைய பெட்டியில மணியே தெரியாது. இதுல நட்டநடுவுல கொட்டையாத் தெரியுது, சுவரோட ஒத்து வரல. காலையில மாத்திட்டேன்."

இன்னும் வராத நேரத்தில் போட்ட கையெழுத்தை எந்த சர்வர் ஏற்கும்? எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்காதீங்க. மாத்துங்க!" என்று அதட்டினார் அக்கா.

மணியைத் தானாகச் சரிசெய்யும் வசதியை மீண்டும் இயக்கினேன். அக்கா கடவுச்சொல்லை அடித்தார். வட்டம் சுற்றியது, மூவரும் திரையில் மூக்கு இடிக்கும் தூரத்தில் இருந்தோம். பச்சை எழுத்தில் அனுமதி எண் வந்தது.

நான் மேசையில் ஓங்கித் தட்டிவிட்டேன். அக்கா எண்ணை உரக்கப் படிக்க, வியாபாரி கைப்பேசியில் டிரைவருக்குச் சொன்னார். ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தடவை.

"எழுதிட்டியால? காட்டு, வாசல்ல காட்டு. போனை வைக்காத!"

ஸ்பீக்கரில் காவலரின் குரல், யாரோ யாரையோ விலகச் சொல்வது, லாரி கியர் மாறும் உறுமல். வியாபாரி கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

"அண்ணாச்சி, உள்ள வந்துட்டேன். கப்பல் தெரியுது."

"எந்தக் கப்பல்? பேரை வாசி."

டிரைவர் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"அதான்ல! அதான் நம்ம கப்பல்!"